பூமயில் தேடிய ரம்பை இலை

பொறுக்கவில்லை, எடுத்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எதிர் வீட்டு நாகலெட்சுமியின் வீட்டுக்காரர் மதுரைக்கு மிளகாய் மூட்டை போடப் போன இடத்தில் எதையோ கண்டு ஊருக்குக் கொண்டுவந்தார். நாகலெட்சுமி அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்தாள். "உக்கிரபாண்டி மருமக சாப்பாட்டுக் கிளப்புக் கடைக்குப் பின்னால எச்சிலை பொறுக்கித் தின்னா, அப்புறம் அங்கயே ஓடிப் போனா" என்று இன்றைக்கும் ஊருணிக் கரையில் ஒரு கதை உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சந்தில் அவள் பக்கத்தில் நின்றவள் நான். அவள் வாசல் தாண்டிய அன்றும் பக்கத்தில் நின்றவள் நான்தான். பார்த்தவளை விட்டுவிட்டுப் பார்க்காதவளிடம் கேட்டால் கதை அப்படித்தான் இருக்கும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்கிறேன். எழுதுகிறவர்கள் சொன்னபடியே எழுதட்டும், மெருகு ஏற்ற வேண்டாம்.

பூமயில் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி வீரபத்திரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்து வளர்ந்ததெல்லாம் கொழும்பு. அவளுடைய அய்யா கூத்தையா எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். சின்ன வயதில் கப்பலேறிப் போய், கொழும்பில் செட்டியார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டு நிலைத்துவிட்டார். சிலோனுக்குச் சுதந்திரம் வந்து, நம் ஆட்களுக்கு அங்கே குடியுரிமை இல்லை என்று ஆன சமயம், பெண்ணையாவது சொந்த மண்ணில் கட்டிக் கொடுப்போம் என்று அனுப்பிவைத்தார். தனுஷ்கோடியில் கப்பலிறங்கி, ரயிலேறி, இராமநாதபுரத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தாள். மறு வருஷமே அவர் அங்கே இறந்துபோனார். கடை யார் கைக்கோ போயிற்று. அதற்கு மேல் அவளுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இல்லை.

அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியை எங்கள் மாமியார் உமையாள்தான் திறந்தார். பட்டுச்சேலை இருக்கும் என்று குனிந்தவர் தும்மிக்கொண்டே நிமிர்ந்தார். உள்ளே பொட்டலம் பொட்டலமாகச் சாமான். பட்டை என்றால் நமக்கு மரத்தோல் மாதிரி தடியாக இருப்பதுதான் தெரியும். அவளுடையது பீடி சுருட்டியது போல மெல்லிசாக இருந்தது. கறுவா என்றாள். கருவாட்டையும் விடக் கெட்டியாக, மாசி என்று ஒரு காய்ந்த மீன். அப்புறம் நீள நீளமாக ஒரு காய்ந்த இலை.

"என்னடி இது, புல்லைக் காயப்போட்டுப் பொட்டியில கொண்டாந்திருக்க?"

"புல்லு இல்ல அத்தை. ரம்பை. கறியில போடுறது."

"இங்கன அதை மாட்டுக்குப் போடுவோம்" என்றார் மாமியார்.

அந்த வாசனை வீட்டு அடுப்பங்கரைக்குள் வரக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டதால், பூமயில் கொல்லையில் வேப்பமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி ஓர் அடுப்பு வைத்துக்கொண்டாள். வீரபத்திரன் அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுவான். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் கொஞ்சம். விஷக் காய்ச்சல் ஒன்று வந்தது, அவனைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளை இல்லை. அந்த மூன்று கல் அடுப்பைத் தவிர எங்கள் வீட்டில் இது என்னுடையது என்று அவள் கைவைக்க எதுவும் இல்லை.

மகன் போன பிறகு எங்கள் மாமனார் உக்கிரபாண்டி கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. மலை மாதிரி இருந்த மனிதர், வேட்டி இடுப்பில் நிற்காமல் நடமாடினார். ஒருநாள் பூமயில் என்னிடம் வந்து, "அக்கா, கொஞ்சம் ஆட்டுக்கறி வாங்கித் தாங்க" என்றாள். மல்லியையும் சீரகத்தையும் கறுத்துப் போகிற வரை வறுத்து இடித்தாள். ரம்பையை முடிச்சுப் போட்டு எண்ணெயில் போட்டாள். அப்போது எழுந்த வாசனையை எப்படிச் சொல்ல. புது நெல்லை அவிக்கும்போது அண்டாவிலிருந்து ஆவி வருமே, அது. விவசாயி வீட்டில் அந்த வாசனைக்குத் திரும்பிப் பார்க்காத ஆள் உண்டா. மாமனார் கொல்லைப் பக்கம் தானாக நடந்து வந்தார்.

"என்ன தாயி அது?"

"எங்க அய்யா கடைக் குழம்பு மாமா."

"எம்மகன் இதைத் தின்னானா?"

"ஆசையாத் தின்னாக."

"அப்ப எனக்கும் போடு."

அன்றைக்கு அவர் சாப்பிட்டதை மாமியார் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அடுப்பைக் கலை என்று அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வரவில்லை, மாமனார் இருந்த வரைக்கும்.

பொட்டலம் எத்தனை நாளைக்கு வரும்? கறுவாவை ஒடித்து ஒடித்துப் போட்டாள். ரம்பை முதலில் தீர்ந்தது. இராமநாதபுரத்தில் கேட்டோம், அரண்மனைப் பக்கத்துக் கடைகளில் கேட்டோம். யாருக்கும் பெயரே தெரியவில்லை. "பார்க்க எப்படி இருக்கும்?" என்று கேட்டான் எங்கள் பண்ணையாள் மூக்கையா. "தாழை மாதிரி இருக்கும் அண்ணே, நீளமா" என்று சொல்லிவிட்டு இவள் அம்மிக்குப் போய்விட்டாள். முள் இருக்காது, வாசனை வேறு, அது பூக்காது என்று சொல்ல விட்டுப்போயிற்று.

மறுநாள் மூக்கையா ஒரு கட்டுத் தாழங்குருத்தைக் கொண்டுவந்து வைத்தான். முள்ளையெல்லாம் அரிவாளால் சீவி, கழுவி, துண்டால் துடைத்து, அவ்வளவு பாசமாகக் கொண்டுவந்தான். ஒருவேளை இந்த மண்ணில் ரம்பை இப்படித்தான் இருக்குமோ என்று இவளும் முடிச்சுப் போட்டுக் கறியில் போட்டாள்.

வேறு எந்த ஊரிலும் இது ஒரு பேச்சாகி இருக்காது. சிவனுக்குத் தாழம்பூ ஆகாது என்பார்கள் மற்ற ஊர்களில். எங்கள் உத்தரகோசமங்கையில் சாமிக்கே அதைச் சாத்துவோம். அந்தப் பூ போவதே எங்கள் கண்மாய்க் கால் ஓரத்துத் தாழம்புதரிலிருந்துதான். மூக்கையா வெட்டியதும் அதே புதர்தான். சாமி தாழையை ஆட்டுக்கறியில் போட்டு அவித்துவிட்டாள் கொழும்புக்காரி என்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. குழம்பாவது நன்றாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டு, "தாயி, இதுல புல்லுதான் இருக்கு, உன் இலை இல்லை" என்றார்.

மறுநாள் அவர் ஈர வேட்டியோடு ஒரு தாழம்பூவை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் உச்சிவேளை வரைக்கும் நின்றுவிட்டு வந்தார்.

"சாமி என்ன சொன்னாரு?" என்று மாமியார் கேட்டார்.

"அவரு ஒண்ணும் சொல்லலை. நாகலெட்சுமிதான் சொல்லிக்கிட்டு இருக்கா."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க, "வேணும்னா மதுரையில போயித் தேடச் சொல்லுங்க. அங்கன கிடைக்காத சாமானா? சாமி புதருல இனிமே கை வைக்க வேணாம்" என்று கத்தினார். கோபத்தில் சொன்னதுதான். மாமனார் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். "பஞ்சம்மா, நீ கூடப் போ" என்று என்னிடம் சொன்னார். அப்படித்தான் நாங்கள் மதுரைக்குப் போக ஆரம்பித்தோம். மூத்த மருமகள் துணைக்கு, வீட்டுப் பெரியவர் அனுப்பி. திருட்டுத்தனம் எங்கே இருக்கிறது இதில்?

மதுரை. இப்போது நினைத்தாலும் கால் பரபரக்கிறது. முதலில் மீனாட்சியைப் பார்ப்போம், பிறகு கீழமாசி வீதிக்குப் போய்விடுவோம். மூட்டை இறக்குகிற சத்தமும் மிளகாய் நெடியும் தும்மலுமாகக் கிடக்கும் அந்த வீதி. கல்பாசி, மராட்டி மொக்கு, சாதிபத்திரி என்று நான் அதுவரை கேள்விப்பட்டிராத சாமானையெல்லாம் பூமயில் உள்ளங்கையில் வாங்கி, கசக்கி, மோந்து, திருப்பிக் கொடுப்பாள். கடைக்காரர்கள் முதலில் எரிச்சல்படுவார்கள். கறுவா ஒரு நாட்டு மருந்துக் கடையில் அகப்பட்டது. கடைக்காரர் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, "யாருக்கும்மா சுகமில்லை?" என்றார்.

"எல்லாரும் சுகம்தான். குழம்புக்கு."

"மருந்தைப் போயிக் குழம்புல போடுவாங்களா?"

"எங்க வீட்டுல குழம்புதான் மருந்து" என்றாள் பூமயில். அவர் சிரித்துவிட்டுத் தராசைத் தாராளமாகத் தாழவிட்டார்.

ரம்பை மட்டும் எங்கேயும் இல்லை. பச்சை இலை ஆயிற்றே, மளிகைக் கடையில் எப்படி இருக்கும்? எவனாவது சிலோனிலிருந்து வந்தவன் சமைக்கிற இடத்தில்தான் இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். அதற்காகத்தான் கிளப்புக் கடைகளுக்குள் நுழைந்தோம். ஆசைக்கும்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

கண்ணாடி பதித்த சுவரும் சலவைக்கல் மேசையுமாக ஒரு கடையில் காப்பி குடித்தோம். நுரை மூக்கில் ஒட்டியது. இன்னொரு கடையில் பெண்களுக்கென்று திரை போட்டு ஒரு மூலை. அதற்குள் மண்ணெண்ணெய் வாடை. பரிமாறுகிறவன் திரையை விலக்கிப் பார்த்து, "கூட ஆம்பளை யாரும் வரலியா?" என்று கேட்டான்.

"சாப்பிடப் போறது நாங்கதானே. இலையைப் போடுங்க" என்றாள் பூமயில்.

அவன் இலையைப் போட்டான், சோற்றை வைத்தான், "இன்னுங் கொஞ்சம்?" என்று கேட்டுக்கொண்டு நின்றான். எனக்குக் கை ஓடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் இருப்பதை வழித்துத் தின்றவள் நான். உட்கார்ந்த இடத்தில் ஒருவர் வந்து எனக்குச் சோறு போட்டது அன்றைக்குத்தான். குழம்பு சுமார்தான். ஆனால் அந்த இலையை நான் மறக்கவில்லை.

நல்ல கடையைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. கடைக்காரர் மகள் அல்லவா. முன்வாசல் பலகையைப் பார்க்க மாட்டாள். கூட்டத்தையும் நம்ப மாட்டாள். பின்பக்கச் சந்துக்குப் போய், எச்சில் இலை விழுகிற தொட்டியைப் பார்ப்பாள். "சோத்தை ஒதுக்கி வச்சு இலையை மூடியிருந்தா கடை சரியில்லை அக்கா. விரலால வழிச்ச கோடு இலை நுனி வரைக்கும் போயிருக்கணும்" என்பாள். நான் முதலில் முக்காடு போட்டுக்கொண்டு தள்ளி நின்றேன். பிறகு எனக்கே அது பழகிவிட்டது. "ஏ, இங்கன பாரு, எலும்பை என்னமா உறிஞ்சியிருக்கான்" என்று நானே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அப்படி ஒரு மத்தியானம். தெற்குமாசி வீதிக்குப் பின்னால் குறுகலான ஒரு சந்து. பலகை இல்லாத, கை வண்டிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு கடை. தொட்டியில் இலையெல்லாம் கழுவி வைத்தது போல் கிடந்தன. மேலே கிடந்த இலையின் ஓரத்தில், எலும்புக்குப் பக்கத்தில், ஒதுக்கி வைத்த ஏதோ பச்சையாக ஒன்று. பூமயில் குனிந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை விட்டு அதை எடுத்தாள்.

ஆமாம், எடுத்தாள். முடிச்சுப் போட்ட ஒரு துண்டு இலை. மூக்கில் வைத்தாள். அவள் கண் நிரம்பிவிட்டது. "அக்கா, ரம்பை" என்று என் மூக்குக்கு நீட்டினாள். அந்த நேரம் பார்த்து நாகலெட்சுமி வீட்டுக்காரர் சந்து முனையில் போய்க்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெரியாத மாதிரி போனார். வாய்க்குக் கொண்டுபோனாள் என்று ஊரில் சொன்னார். மூக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

பூமயில் நேரே பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் போய்விட்டாள். தாடி நரைத்த ஒருவர் அகப்பையோடு நின்றார். பெயர் சுஐபு, கீழக்கரைக்காரர் என்று பிறகு தெரிந்தது.

"நானா, ரம்பை எங்கன வாங்குறீங்க?"

அவர் அகப்பையைக் கீழே வைத்தார். "அண்ணனை நானான்னு கூப்பிடுறியே. எந்த ஊரு புள்ள? கொழும்பா?"

"செட்டியார் தெரு. எங்க அய்யா கூத்தையா. சாப்பாட்டுக் கடை வச்சிருந்தாக."

"செட்டியார் தெருவுல ஏகப்பட்ட கடை இருந்துச்சு புள்ள. எல்லாத்துலயும் தின்னிருக்கேன். எந்தக் கூத்தையான்னுதான் ஓர்மை இல்லை" என்றார். அவள் முகம் லேசாகச் சுண்டியதைப் பார்த்துவிட்டு, "நல்ல கையாத்தான் இருந்திருக்கும், வயித்துக்குக் கெடுதல் எதுவும் ஓர்மை இல்லையே" என்று சேர்த்துக்கொண்டார். உள்ளே மணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்தார். அந்த அம்மாளுக்கு இரண்டு கை விரலும் வாதத்தில் மடங்கிப் போயிருந்தன.

கொல்லையில் கிணற்றடியில், உடைந்த குடத்தில் ரம்பை நின்றது. பச்சையாக, கொத்துக் கொத்தாக. மண்டபம் ஊரிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்ததாம். அவர் ஒரு பக்கக் கன்றைப் பிடுங்கி வாழைமட்டையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

அன்று இரவு மாமனார் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

கன்று மட்டும் எங்கள் ஊரில் பிடிக்கவில்லை. எங்கள் கிணறெல்லாம் உப்பு. நுனி கருகி, பழுத்து, போய்விட்டது. அடுத்த கன்றுக்கு ஊருணித் தண்ணீர் ஊற்றினாள். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறாள் என்று அதற்கும் கரையில் பேச்சு. கோடையில் ஊருணி வற்றியதும் அதுவும் போயிற்று. அதனால் கறி எடுக்கிற சமயமெல்லாம் மதுரைக்குப் போய் இலையாகவே வாங்கி வந்தோம். ஒவ்வொரு தடவையும் அந்த அடுப்படியில் சும்மா உட்கார மாட்டாள். அம்மி முன்னால் உட்கார்ந்து அரைத்துக் கொடுப்பாள், தாளித்துக் கொடுப்பாள். ஒருமுறை சுஐபு அண்ணன் என்னிடம் சொன்னார்: "இவ உம்மா மாதிரி அரைக்கிறா தங்கச்சி. என் வீட்டாளுக்குக் கை விழுந்துபோச்சு. கொழும்புக் கை ஒண்ணு இருந்தா இந்தக் கடை பிழைக்கும். சந்து முனையில இட்லி விக்கிற இராமலட்சுமி வீட்டுல ஒரு அறை காலியா இருக்கு. அந்தம்மா பாத்துக்கிரும்."

நான் பூமயிலைப் பார்த்தேன். அவள் அம்மியை விட்டு நிமிரவில்லை. "மாமா பசியோட இருப்பாக" என்றாள். அவ்வளவுதான் பதில். ரயிலில் வரும்போது மானாமதுரை வரைக்கும் இலைக்கட்டை மோந்துகொண்டே வந்தாள்.

மாமனார் இருந்த வரை அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை. ஒரு ஐப்பசியில், நாற்று நட்டுக்கொண்டிருக்கையில், வரப்பிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்ட அன்று, மாமியார் கொல்லைக்குப் போய் அந்த மூன்று கல்லையும் தன் கையாலேயே எடுத்து வேலியோரம் போட்டார். "இனி யாருக்குக் காய்ச்சணும்? தாலி அறுத்த கைக்குக் கறிக் குழம்பு எதுக்கு?" என்றார். கொடுமைக்காரி இல்லை அவர். புருஷன் ருசித்ததை வேறு யாரும் ருசிக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. பூமயில் அந்த இடத்தைப் பார்த்தாள். சாம்பல் வட்டம் மட்டும் இருந்தது. அதையும் மாமியார் சாணம் போட்டு மெழுகிவிட்டார்.

தை பிறந்து, அறுப்புக்கு ஆள் இறங்கியிருந்த ஒரு காலை நேரம். பூமயில் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். கொல்லை வழியாக இல்லை, முற்றத்துக்கு. மாமியார் களத்துக்குக் கொடுத்துவிடக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"மதுரைக்கு அத்தை. சமைக்கப் போறேன்."

"யாரு வீட்டுல?"

"கடையில. சுஐபு நானா கடையில. தங்குறது இட்லிக்கார அம்மா வீட்டுல."

மாமியார் கஞ்சி ஊற்றுவதை நிறுத்தவில்லை. கலயம் நிரம்பி வழிந்தது. "ஊரு என்ன பேசும்னு தெரியுமா?"

"பேசிக்கிட்டுத்தானே இருக்கு அத்தை."

"எம்மகன் செத்த வீடுடி இது."

"எனக்கும் அவுக செத்த வீடுதான்" என்றாள் பூமயில். குரல் உயரவில்லை. "இருந்து பாத்துட்டேன் அத்தை. அடுப்பு இல்லாம இருக்க முடியலை."

நான் ஏதாவது சொல்வேன் என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போய், மூக்கையா கொத்திக் கொடுத்த அவளுடைய சின்ன அம்மிக்குழவியைப் பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்து பெட்டி மேல் வைத்தேன். மாமியார் அதைப் பார்த்தார். பிறகு ஒரு கும்பாவில் கஞ்சியை ஊற்றி, ஓரத்தில் வறுத்த மோர்மிளகாயை வைத்து, தரையில் நகர்த்தினார்.

"வெறும் வயித்தோட இந்த வாசலை யாரும் தாண்டினது இல்லை. குடிச்சுட்டுப் போ."

அவள் உட்கார்ந்து குடித்தாள். மாமியார் எதிரில் நின்று இன்னொரு அகப்பை ஊற்றினார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. குடித்து முடித்து, கும்பாவைக் கழுவி, வெயில் படுகிற இடத்தில் கவிழ்த்து வைத்தாள். மாமியார் காலைத் தொட்டாள். என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு, குழவியைச் சேலையோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்தாள்.

எதிர் வாசலில் நாகலெட்சுமி விளக்குமாறும் கையுமாக நின்றாள். நன்றாக வெளிச்சம் வந்துவிட்ட நேரம். பூமயில் அவளைப் பார்த்து, "போயிட்டு வாரேன் மதினி" என்று வேறு சொன்னாள். நாகலெட்சுமியும் "ம்" என்றாள், நான் கேட்டேன். ஓடவில்லை. பெட்டியின் கனத்துக்கு ஏற்றபடி, பாதம் பார்த்துப் பாதம் பார்த்து, அவ்வளவு நிதானமாகத்தான் அவள் தெருவைத் தாண்டி நடந்தாள்.